எண்ணெய் குறையாத பிக்கப்

காஹாங் என்ற சின்ன டவுனில் ஒர்க்‌ஷாப் நடத்திய காலத்தில் எத்தனையோ வண்டிகளின் பானெட்டைத் திறந்திருக்கிறேன். மரத்தில் மோதியது, ஆற்றில் இறங்கியது, உள்ளே பாம்பு குடியிருந்தது, எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் பானெட்டைத் திறக்கக் கை கூசியது ஒரே ஒரு வண்டிக்குத்தான். அது ராஜேந்திரனின் பழைய டீசல் பிக்கப். எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் ஓட ஓடக் குறையும், இல்லாவிட்டால் அளவில் நிற்கும். அந்த வண்டியில் அது கூடிக்கொண்டே போனது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். சாதா ஆயிலா, ஃபுல்லி சிந்தெட்டிக்கா? டின்னில் எழுதியிருப்பதைப் படித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதியை எனக்குக் கொடுத்தது இந்த பிக்கப்.

1. சாதாவா, ஃபுல்லியா?

ராஜேந்திரன் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுப் பண்ணைக்குக் கன்றும் உரமும் ஏற்றி இறக்குகிறவர். காஹாங்கிலிருந்து உள்ளே போகும் தோட்டத்து லயத்தில் வீடு. மனைவி தனலெட்சுமிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் குளுவாங் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த பிக்கப்பை விட்டால் அவர்களுக்கு வேறு வாகனம் கிடையாது.

அன்று தனலெட்சுமியும் வண்டியில் இருந்தார். இடது கையில் பிளாஸ்திரி.

"அண்ணே, இந்த வாட்டி எஞ்சினுக்கு மினியாக் ஹித்தாம் ஃபுல்லியே ஊத்திடுங்க. பாதி வழியில வண்டி நின்னுச்சுன்னா அங்க ஃபோன் லைன்கூட இல்ல லா" என்றார் ராஜேந்திரன்.

நான் உடனே தலையாட்டவில்லை. சாதா ஆயில் பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது. சிந்தெட்டிக் ஆலையில் கட்டி உருவாக்கியது. சூடு தாங்கும், சீக்கிரம் கெடாது. ஆனால் வயதான எஞ்சினில் ஊற்றினால் பழைய கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். தேய்ந்துபோன சீல் வழியாகக் கசியவும் செய்யும். இப்படிப்பட்ட வண்டிக்கு நான் சாதாதான் சொல்வேன். ஆனால் மனைவி மெஷினில் படுத்திருக்கும் நேரமெல்லாம் ராஜேந்திரன் கார்பார்க்கில் ஏர்கோன் போட்டுக்கொண்டு தூங்குகிறவர். வெயிலில் எஞ்சின் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஓடும். அதற்கு ஃபுல்லி நல்லது. ஊற்றினேன்.

தனலெட்சுமி கண்ணாடியை இறக்கி, "சரியாயிடுமாண்ணே?" என்று கேட்டார்.

"எண்ணெய்தாம்மா எஞ்சினுக்கு ரத்தம். நல்ல ரத்தமா ஏத்தியிருக்கேன். பயப்படாமப் போங்க" என்றேன். வருகிறவர் எல்லாரிடமும் சொல்கிற வசனம் அது. அவர் தன் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

2. வாசனை

மறு மாதமே ராஜேந்திரன் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, ஆயில் கூடுது."

"கூடாது. நீ சரியாப் பாக்கல."

"டிப்ஸ்டிக்க தொடச்சிட்டுத்தான் பாத்தேன். அதுமட்டுமில்ல... வண்டிக்குள்ள விளக்கு வாசம் அடிக்குது. சாமி மேடையில அடிக்குமே, அந்த நல்லெண்ண வாசம். கண்ணாடி எல்லாம் சாத்தியிருக்கேன், அப்பவும் வருது."

தோட்டத்தை விட்டு வெளியேறும் பாதையில் ஒரு முனியாண்டி மேடை உண்டு. அந்தப் பக்கம் போகும் எந்த வண்டியும் ஹார்ன் அடிக்காமல் தாண்டாது. எஞ்சினில் பெரிய வேலை முடித்தால் முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டுத்தான் எடுப்பார்கள். ஃபுல்லி ஊற்றிய அன்று ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதால் ராஜேந்திரன் அதைச் செய்யவில்லையாம்.

"அவரு ஏறிட்டாருண்ணே. வண்டிய வித்துடப் போறேன்."

"வித்துட்டு? குளுவாங்குக்கு எதுல கூட்டிட்டுப் போவ?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பேயைக்கூட நம்பலாம், வாடிக்கையாளர் வாயால் சொல்லும் நோயை நம்பக்கூடாது என்பது என் கொள்கை. எண்ணெய் அளக்கும் அந்த டிப்ஸ்டிக்கை உருவினேன். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

எண்ணெய் ஏறினால் இரண்டு காரணம் பார்ப்போம். இன்ஜெக்டர் ஒழுகி டீசல் இறங்கினால் எண்ணெய் நீர்த்துப் போய் டீசல் நாறும். தண்ணீர் இறங்கினால் பால் கலந்த தே தாரிக் டீயின் நிறத்துக்கு வந்துவிடும். இதில் இரண்டும் இல்லை. விரலில் தொட்டால் பிசுபிசுவென்று கெட்டியாக இழுத்தது. அப்படி ஒரு எண்ணெயை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவரை ஒர்க்‌ஷாப்பிலேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். நல்ல மத்தியானம். இரண்டு பக்கமும் செம்பனை வரிசை. எத்தனை தூரம் போனாலும் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். சாலையில் ஒரு ஆள் இல்லை. முதலில் எந்த வாசனையும் இல்லை. ராஜேந்திரனை என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

முனியாண்டி மேடை கண்ணில் பட்டதும் வாசனை வந்தது.

எரிந்த திரியும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை. ஏர்கோன் காற்றோடு வந்து முகத்தில் அடித்தது. பக்கத்து சீட்டில் யாரோ விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வெளியே மேடையில் அகல் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஏற்றிய ஆளைக் காணோம். நான் சர்ச்சுக்குப் போகிறவன். முனியாண்டிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஹார்ன் அடித்தேன். கை தானாகப் போனது.

3. மூடிக்கு அடியில்

திரும்பி வந்ததும் என்மேலேயே எரிச்சல். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் உள்பக்கம் அரக்குபோல் ஒரு படிவம். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன நூல். சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பாதி கருகிய பஞ்சுத் திரி.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. முனியாண்டி எண்ணெய் ஊற்ற மாட்டார். ஊற்றியது ஒரு மனிதக் கை. எஞ்சினுக்குள் நல்லெண்ணெய் போனால் சூட்டில் இறுகிக் கோந்தாகிவிடும். அதன் ஆவி ப்ரீதர் ஹோஸ் என்ற குழாய் வழியாக வெளியேறும். அந்தப் பழைய ஹோஸ் வெடித்திருந்தது, ஆவியை ஏர்கோன் உள்ளே இழுத்துவிட்டது. எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்கும் மேடை வருவதற்கும் நேரம் சரியாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஊற்றினால் எஞ்சின் இறுகி, செம்பனைக்கு நடுவில் நின்றே போயிருக்கும்.

ராஜேந்திரனிடம் ஹோஸ் வெடிப்பு என்று மட்டும் சொல்லி, வண்டியை நிறுத்திக்கொண்டேன். மறுநாள் அவர் பண்ணையில் இருக்கும் நேரம் பார்த்து லயத்துக்குப் போனேன்.

4. தனலெட்சுமி

தனலெட்சுமி மேடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் சின்னப் பித்தளைச் சொம்பு. என்னைப் பார்த்ததும் அதைச் சேலைக்குள் மறைத்தார்.

"அலமாக்... நீங்கதானாம்மா?" என்றேன்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. எதுக்கும்மா எஞ்சின்ல போயி ஊத்துனீங்க?"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, எண்ணெய்தான் ரத்தம்னு. என் ரத்தத்த மெஷின் கழுவுது. வண்டி ரத்தத்துலயாவது சாமி இருக்கட்டும்னு, விளக்குல மிஞ்சுனத ஊத்துனேன். அவரு மத்தியானம் தூங்கறப்ப."

"உங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வண்டிம்மா இது. இதால நின்னு போயிருக்கும். அப்புறம் உங்க நெலம?"

அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். "எனக்காக ஊத்தலண்ணே. போறப்ப அவர் பக்கத்துல நான் இருக்கேன். ஒரு நாளைக்கு அவரு தனியாத் திரும்பி வருவாரு. இருட்டுனாப் போதும், இந்த ரோட்டுல அவருக்குப் பயம். அன்னிக்கு வண்டி நிக்கக்கூடாது."

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பிறகு சொன்னேன்: "எஞ்சின்ல வேணாம்மா. உங்க பக்கத்துக் கதவுக் கீல்ல விடுங்க. ஒரு சொட்டு போதும். அது எஞ்சினுக்குக் கெடுதல் இல்ல, சாமியும் வண்டியோடயே வருவாரு."

"அவருக்குத் தெரியக் கூடாது."

"தெரியாது."

எஞ்சினைக் கழுவி, ஹோஸை மாற்றி, சாதா ஆயில் ஊற்றினேன். சில நாளில் வடித்துவிட்டு மறுபடியும் சாதா. பிறகு இன்னொரு தடவை. உள்ளே ஒட்டியிருந்த கோந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவர வேண்டும். நீண்ட நாள் உழைக்கிற ஃபுல்லியை அதில் ஊற்றி வீணாக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் இடது பக்கக் கதவைத் திறந்து பார்ப்பேன். கீல் ஈரமாக இருக்கும். சத்தமே வராது.

5. இடது பக்கக் கதவு

பிறகொரு நாள் ராஜேந்திரன் தனியாக வந்தார். நெற்றியில் திருநீறு இல்லை, மழித்த தலை. அவராகவே சொன்னார்.

"போன மாசம்ணே. அன்னிக்கு நான் திரும்பி வர்றப்ப நல்ல மழை, இருட்டு. வழியில ஒரு வண்டி இல்ல. எங்கயாவது நின்னுடும்னு பயந்துக்கிட்டே வந்தேன். வண்டி நிக்கலண்ணே."

"நிக்காது" என்றேன்.

சாதா ஆயில் டின்னை எடுத்துக்கொண்டு போகும்போது பழக்கத்தில் இடது பக்கக் கதவைப் பிடித்தேன்.

"அத விடுங்கண்ணே. அவ போனதுலேர்ந்து அந்தக் கதவ யாரும் தொறக்கல. எனக்கு மனசு வரல."

ஆனால் நான் அதற்குள் திறந்துவிட்டேன். சத்தமே இல்லாமல் திறந்தது. போன மாதத்து எண்ணெய் என்றால் தூசி படிந்து கறுத்திருக்க வேண்டும். கீலில் புது எண்ணெய், தேன் நிறத்தில், ஒரு சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நல்லெண்ணெய் வாசனை அடித்தது. ராஜேந்திரன் அந்தப் பக்கம் நின்று மழித்த தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

இந்த வாசனைக்கு நான் ஹோஸ் எதையும் தேடவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினேன்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். சாதாவா, ஃபுல்லியா என்பதை எஞ்சின் வயதையும் ஓட்டத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால், வண்டியில் யார் போகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள் என்று கேளுங்கள். சர்வீஸ் முடித்தால் வண்டியைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுப்பது என் பழக்கம். அன்று எஞ்சினைத் துடைத்தேன், பானெட்டைத் துடைத்தேன். அந்தக் கீலை மட்டும் துடைக்கவில்லை.