வெள்ளை வாளியில் போன களவா

களவா மீன் கிடக்கிற இடத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். துறைமுகத்துக் கற்களுக்கு இடையில் பிடிபட்டது கருத்திருக்கும். சேற்றில் கிடந்தது சாம்பல் பூத்திருக்கும். பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டில் வளர்ந்தது சிவந்து, வெள்ளைப் புள்ளியோடு வரும். எல்லாம் ஒரே மீன்தான். தின்கிற தீனியும் ஒரு காரணம் என்பார்கள். மற்றபடி, கண்ணில் படாமல் பதுங்கத்தான் அது நிறம் மாறுகிறது. எங்கள் கரையில் மீனின் நிறத்தைப் பார்த்தே பிடித்த இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் வளைகுடா வேலையை விட்டு வந்து, பழைய வள்ளம் ஒன்றை வாங்கித் தூண்டில் போட்டார். தொழில் சரிப்படவில்லை. திரும்பப் போகிறேன் என்று பேச ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து போனிலேயே குடும்பம் நடத்தியவள் நான். இனி என்னால் ஆகாது.

அப்போதுதான் யாருக்கும் தெரியாத சின்னப் பார் ஒன்று அவருக்கு அகப்பட்டது.

"நாலு வள்ளம் வந்தா தொடச்சி எடுத்துருவானுவ. அப்புறம் நான் பெட்டியக் கட்ட வேண்டியதுதாம்ளா," என்றார்.

கருப்பு டிரம் என் யோசனை. கடல் தண்ணீர் ஊற்றி மீனை உயிரோடு போட்டு மூடினால், கரை சேர்வதற்குள் கருத்துப்போகும். ஏலத்தில் எல்லோரும் துறைமுகத்துக் கல் மீன் என்றே நம்பினார்கள். என் அண்ணனும் தூண்டில்காரன். மச்சான் எங்கன போறாரு என்று தினமும் என்னைக் கேட்பான். துறைமுகத்துக் கல்லுக்குத்தான் என்று கூசாமல் சொல்வேன்.

நல்ல மீன்பாடு கிடைத்தால் பிறந்த வீட்டுக்குக் கறிமீன் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் டிரம்மிலிருந்து பெரிய களவா ஒன்றை எடுத்து, காலியான பெயின்ட் வாளியில் தண்ணீரோடு போட்டு அண்ணன் வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. திரும்பி வந்து உலை வைத்த பிறகுதான் உறைத்தது. அது வெள்ளை வாளி!

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அண்ணன் வாளிக்கு முன்னால் குத்தவைத்திருந்தான். மீன் கருப்பெல்லாம் வெளுத்து, பாரில் தின்று ஏறிய சிவப்பும் புள்ளியுமாகக் கிடந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பீரோ மேலிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். புத்தி கெட்டவளே என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். அவ்வளவு சிவந்த மீன் எந்தப் பக்கம் கிடக்கும் என்று அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மறுநாளிலிருந்து அவன் வள்ளம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கரையில் நின்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. அது எப்போதும் போகிற பக்கமே போனது.

பிறகு ஒரு சாயங்காலம் அண்ணன் வந்தான். கையில் கடையிலிருந்து அப்படியே வாங்கிவந்த புது வாளி. கருப்பு வாளி.

"ஏளா, இனிமே மீன் கொண்டாந்தா இதுல கொண்டா," என்றான். "தெருவுல நாலு பேரு வாரான், போறான். மச்சான் ஊரோட இருக்கட்டும்."