ஹாரன் மாஸ்டரின் அகராதி

என் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் என் கூடப்பிறந்த தம்பி. எல்லாருக்கும் அவன் ஹாரன் மாஸ்டர். வண்டியின் ஹாரனை அவன் தொட்டதே இல்லை. அந்த வேலையை அவன் வாயே பார்த்துக்கொண்டது. யாராவது கிளட்சைத் தப்பாக விட்டால் அடுத்த தெருவில் போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பார்.

கற்றுக்கொள்ள வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இனிமே ஒருத்தர் அழுதாலும் உனக்கு இங்க வேலை கிடையாது. தம்பின்னுகூடப் பார்க்க மாட்டேன்" என்றேன்.

திட்டாமல் இருந்தால் அவனுக்கு மூச்சு முட்டிவிடும். எங்கே பிடித்தானோ, தலையணை கனத்தில் ஒரு பழைய ஆங்கில அகராதியோடு வந்தான். அன்று முதல் வசவெல்லாம் யாரும் கேட்டிராத இங்கிலீஷில். ஆமை வேகத்தில் ஓட்டிய தையல்காரர் ஸ்லோகோச். கண்ணாடியில் முடியை ஒதுக்கிக்கொண்டே இருந்த புதுமாப்பிள்ளை பாப்பின்ஜே. வேடிக்கை பார்த்தபடி ஓட்டிய தபால்காரர் மூன்காஃப்.

வசவு வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? "அப்படின்னா என்ன மாஸ்டர்?" என்றார்கள். படித்ததைச் சொல்லாமல் இருக்க அவனாலும் முடியவில்லை.

"பாப்பின்ஜேன்னா கிளிங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அதுதான் கிளிக்குப் பேரு. அரபியிலேருந்து பிரெஞ்சுக்குப் போயி, அங்கேருந்து வந்துச்சு. அப்புறம் மினுக்கிக்கிட்டுத் திரியிறவனுக்கும் அதையே வெச்சுட்டாங்க."

சொல்லி முடிப்பதற்குள் கோபம் போன இடம் தெரியாது. கோச் என்பது ஹங்கேரியில் வண்டி செய்த ஒரு கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது என்று கதை பேசியபடியே தையல்காரரை மெயின் ரோட்டில் ஓட்டவைத்துவிட்டான். மூன்காஃப் என்றால் நிலாவின் பார்வை பட்டுப் பிறந்தவன் என்று தெரிந்ததும் தபால்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முட்டாள் என்ற மீதி அர்த்தத்தை இவன் விழுங்கிவிட்டான்.

ஒருநாள், எங்களிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த சூப்பர்மார்க்கெட் கேஷியர் அம்மா என் அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். பின்னாலேயே தம்பி, முகம் வெளிறி.

"உங்க தம்பி மேல ஒரு புகார்" என்றார்.

போச்சு, என்று நினைத்தேன்.

"எல்லாருக்கும் ஒரு பேரு வெச்சிருக்காரு. எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல. நான் என்ன பாவம் பண்ணேன்?"

தம்பி அவசரமாக அகராதியைப் புரட்டினான். வசவுகளையே தேடிப் படித்தவனுக்குப் பாராட்ட ஒரு சொல்கூட அகப்படவில்லை. கடைசியில் அதை மூடிவைத்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னான்: "திட்ட நீங்க இடமே குடுக்கலம்மா. ரொம்ப நல்லா ஓட்டுறீங்க."

அந்த அம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு ஓட்ட வரும்னு எங்க வீட்டுல யாருமே நம்பலீங்க."

தம்பி பதறிப்போய் என்னைப் பார்த்தான்.

"அக்கா, சத்தியமா நான் திட்டலக்கா!"