ஞாயிற்றுக்கிழமை தள்ளிய படகு

எங்கள் ஊர்க் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு படகும் இறங்காது. சண்டை முடிந்து கடலில் இருந்த தடையெல்லாம் நீங்கிய பிறகும், நாங்களாகப் போட்டுக்கொண்ட இந்தத் தடை மட்டும் நீங்கவில்லை. மீறினவன் திருநாளில் மாதா சொரூபத்தைத் தோளில் தூக்க முடியாது. அந்தச் சட்டத்தைக் கோயிலில் எழுந்து நின்று வாசித்தவரே கோயில் மூப்பரான என் கணவர்தான். எனக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. செபமாலையை முன்னின்று சொல்வது நான். வாய் தன்பாட்டில் ஓடும். மனம் மத்தியானக் கறிக்கு மாங்காய் போடுவதா புளி போடுவதா என்று யோசிக்கும்.

அந்த ஞாயிறும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வளவு முஸ்லிம் பெண் கோயில் வாசலில் வந்து நின்றாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது கைக்குழந்தையாக இங்கே வந்தவள். எங்கள் கோயில் படியை அவள் அதுவரை மிதித்ததில்லை. முக்காடு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, எங்கட அவர் விடிய சுபஹுத் தொழுகையோட தனியக் கடலுக்குப் போனவர். என்ஜின் நிண்டுட்டாம். நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூடு சின்னதாத் தெரியுது, வாடைக் காத்து வெளிய இழுக்குது எண்டு சொன்னார். அதோட போன் கட்டாயிட்டு."

அவளுடைய ஆட்களின் படகுகள் விடியலிலேயே தூரக் கடலுக்குப் போய்விட்டன. கரையில் கிடந்தவை எங்கள் படகுகள் மட்டும்தான்.

என் கணவர் எழுந்தார். "பயப்படாதீங்க தங்கச்சி. இந்தச் செபமாலைய அவருக்காக ஒப்புக்குடுக்கிறம்" என்றார். ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். மனதாரத்தான் சொன்னார். செபமே போதும் என்று அவர் நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓம், துஆக் கேளுங்க" என்றாள் அவள். "ஆனா ஒரு போட்டும் வேணுமே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செபத்த நாங்க சொல்றம். நீங்க போய் போட்டத் தள்ளுங்க" என்றேன்.

"இண்டைக்கு ஞாயிறு. சட்டம் வாசிச்சவனே நான்."

"அப்ப முதல்ல மீறுறவரும் நீங்களா இருங்க. சொரூபத்த இந்த முறை வேற ஆரும் தூக்கட்டும்."

பின்னால் ஒருவர், "வீட்டுச் சட்டம் கோயிலுக்குள்ளயும் வந்துட்டு" என்று முணுமுணுத்தார். சிரிப்போடு அவரே முதலில் வெளியே ஓடினார். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோளிலிருந்த சால்வையைக் கதிரையில் போட்டுவிட்டு அவரும் ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமைச் சேலைகளை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்களும் படகைத் தள்ளினோம். அவள் என் பக்கத்தில் நின்று தள்ளினாள். இரண்டு படகுகள் அலையைத் தாண்டிப் போயின. எனக்குப் பயமும் சந்தோசமும் ஒன்றாக ஏறி வந்தன.

மணலிலேயே முழந்தாளிட்டோம். அத்தனை வருடம் ஓடிய வாய் அன்று நின்றுவிட்டது. சுகம் தாரும், சமாதானம் தாரும் என்று நான் தினமும் கேட்டதெல்லாம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் யாருக்கும் தெரியாதவை. இப்போது கேட்பது ஒரு மனிதனை, உயிரோடு. இல்லையென்றால் பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். போதாததற்கு என் மனிதரையும் நானே அனுப்பிவிட்டேன். "ஆண்டவரே, அந்த மனுசனக் கொண்டு வாரும்" என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் அவள் "யா அல்லாஹ்" என்று கைகளை ஏந்திக்கொண்டிருந்தாள். கடவுளிடம் உண்மையாகவே பேசுவது இவ்வளவு பயங்கரமானது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வெயில் சாயும் நேரம் படகுகள் தெரிந்தன. கயிற்றில் கட்டி இழுத்துவந்த சின்னப் படகில் ஆள் இல்லை. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். முன்னால் வந்த எங்கள் படகு திரும்பியபோதுதான், என் கணவரின் சட்டையைப் போர்த்தபடி ஒருவன் குனிந்திருந்து தண்ணீர் குடிப்பதைக் கண்டேன்.

அவள் எழும்பி இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். செபமாலை மந்திரம் ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. "கேட்டீரே ஆண்டவரே, நான் கூப்பிட்டது கேட்டதே" என்று கத்திக்கொண்டு அவளுக்குப் பின்னால் நானும் கடலுக்குள் ஓடினேன்.