அப்பாவின் சிவப்புக் காது மெஷின்

இன்று தஞ்சாவூரில் அப்பாவுக்குக் காது மெஷின் அளவெடுத்தோம். காதுக்குள் பசை நிரப்பி அச்செடுத்து, அதே வடிவில் செய்து தருவார்கள்.

என்ன நிறம் என்று கேட்டார்கள். அடுத்த மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். அதனால் வெளியே தெரியாத நிறமாகக் கேட்டேன்.

அங்கிருந்த மேடம் ஒரு பழுப்பு நிறத்தை அப்பாவின் காதோரம் வைத்து, குனிந்து சத்தமாகச் சொன்னார்.

"உங்க நிறத்துக்கு அப்படியே ஒத்துப்போகுதுங்க ஐயா. போட்டிருக்கறதே தெரியாது."

அப்பா யோசித்தார்.

"என் நிறமும் சேத்து நிறமும் ஒண்ணுதாம்மா. போன மெஷின் நடவு வயல்ல விழுந்து, ஆறு பேர் தேடியும் கிடைக்கல. சிவப்பு இருக்கா?"

மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர் என்று வயலுக்குப் போகும் எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்டி வைக்கிற மனிதர். இப்போது காதிலும்.

"பொண்ணு வீட்ல பார்ப்பாங்கப்பா" என்றேன்.

"பார்க்கட்டும். தெரிஞ்சாதான நம்மகிட்ட நிதானமாப் பேசுவாங்க."

சிவப்பே முடிவானது.

அன்றைக்கு எல்லோரும் அப்பாவைத்தான் பார்ப்பார்கள். என்னையும் கொஞ்சம் பார்க்க என்ன நிறச் சட்டை போடலாம், சொல்லுங்கள்.