எட்டு இலக்கப் பாட்டு

அந்த எண்ணைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்குச் சொல்லுவேன். கேட்டிருக்க வேண்டிய அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஏழு வயதுப் பொடிசிடம் யார்தான் கேட்பார்கள்?

என் மாமா, அம்மாவின் தம்பி, கண்டியில் கணித டியூஷன் கொடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் எங்களோடு இருந்தார். மழை நாளில் பஸ்ஸில் போகும்போது ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் 73939133 என்று எழுதுவார். "இது முதன்மை எண், மருமகளே. ஒண்ணையும் இதையும் தவிர வேற எதால வகுத்தாலும் மீதி வரும்" என்பார். பிறகு கடைசியில் நிற்கும் 3 என்ற இலக்கத்தைத் துடைத்துவிடுவார். மிச்சமும் முதன்மை எண். இன்னொன்றைத் துடைப்பார், அதுவும் அப்படித்தான். வால் போய்ப் போய்க் கடைசியில் ஏழு மட்டும் நிற்கும், அதையும் வகுக்க முடியாது. ஆனால் அந்த எட்டு இலக்கங்களுக்குப் பின்னால் ஒன்பதாவதாக எந்த இலக்கத்தை ஒட்டினாலும் வித்தை கெட்டுவிடுமாம்.

"இந்த வகையில இதுதான் ஆகப் பெருசு. இதுக்கு மேல வளராது."

எனக்கு அப்போது வகுத்தலே தெரியாது. கண்டக்டர் முறைப்பதைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் மாமா அதைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்: "ஏழு மூணு ஒம்பது மூணு, ஒம்பது ஒண்ணு மூணு மூணு." வீட்டில் அவர் போனை எடுத்ததும் நான் பாடவேண்டும். அவருடைய கட்டைவிரல் அதன்மேல் தாளம் போடும். பாட்டு முடிந்ததும் கார்ட்டூன் வரும். பாடியதற்குக் கூலி என்று நினைத்துக்கொண்டேன். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு அது நான் வாய்ப்பாடு படிக்கும் சத்தம்.

மாமா டெங்குக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். போன் மட்டும் பூட்டியபடி மிஞ்சியது. அதற்குள் அவர் பாடிப் பதிந்த பாட்டுகள் இருந்தன. தம்பியின் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டுமென்று அம்மா எல்லாருடைய பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்தார். அது திறக்கவில்லை. கடைசியில் அப்பா எங்களைக் கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடைக்குக் கூட்டிப் போனார்.

"நம்பர் எதுவும் ஞாபகம் வரலையா அக்கா? பூட்டை எடுத்தா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும்" என்றார் கடைக்காரர்.

அப்பாதான் சொன்னார்: "அழிஞ்சா அழியட்டும் தம்பி. இதையே நோண்டிக்கிட்டு சோறு தண்ணி இல்லாம கிடக்கிறா."

கடைக்காரர் கையில் போன் வெளிச்சம் போட்டது. மாமா போன பிறகு மறந்திருந்த பாட்டு எனக்கு வாயில் வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிமேல் தட்டிக்கொண்டே "ஏழு மூணு ஒம்பது மூணு" என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடிட்டு நில்லு. பெரியவங்க பேசுறோம்ல!" என்றார் அப்பா.

கடைக்காரர் பூட்டை எடுத்ததும் போன் திறந்தது. புதுசு மாதிரி வெறுமையாக இருந்தது. நான் கைதட்டினேன். அம்மா கடையென்றும் பார்க்காமல் அழுதார்.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் உயர்தர வகுப்பில் கணிதம் படிப்பிக்கும் சேர் அந்த எண்ணைப் பலகையில் எழுதினார். என் கட்டைவிரல் தன்பாட்டில் மேசையில் தட்டியது, எட்டுத் தரம். ஐயோ என்றிருந்தது. அன்றைக்குக் கடையில் பாட்டில் பாதிதான் பாக்கி. அந்த ஏழு வயதுப் பிள்ளை என்னவோ கூடுதலாகத் திட்டு வாங்காமல் தப்பித்துவிட்டதாக நினைத்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வாயை மூடி நின்றது.