திரிந்த பால்

கரேமில், அதாவது விரதத்தில், தவறியவர் சுமக்கும் காவடிச் செம்பில் பால் திரிந்துவிடும் என்பது எங்கள் ஊரான சுயாக்கில் நம்பிக்கை. தன் மகன் காய்ச்சலில் கிடந்த வருஷம் அக்கா காவடி எடுத்தாள். சன்னதியில் செம்பைச் சாய்த்தபோது பால் கட்டிகட்டியாய் விழுந்தது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

வீட்டில் மிச்சம் வைத்திருந்த பாலும் திரிந்து கிடந்தது. பால்காரனிடம் போனேன்.

"உங்க அக்கா கரேம் சரியில்ல. பாவம், என் மாடு என்ன செய்யும்?" என்றான்.

"அடுக்களையில இருந்த பால் எந்தக் கரேமைக் கெடுத்துச்சு?" என்று கேட்டேன்.

சுகாதார இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுத்தேன். அவர் சொல்லாமல் வந்து கேனைச் சோதித்தார். பாதிக்குப் பாதி ஆற்றுத் தண்ணீர். வழக்கு நடக்கும்போதே அக்காவின் மகன் இறந்துபோனான்.

பால்காரன் குற்றவாளி என்று தீர்ப்பான அன்று, கோர்ட் வாசலில், அக்காவோடு அன்று காவடி எடுத்த இரண்டு பெண்கள் என்னை ஓரமாய் அழைத்தார்கள். "எங்க பாலும் திரிஞ்சுதுதான், தங்கச்சி. வெக்கத்துல மஞ்சத்துணியால மறைச்சு ஊத்தினோம்."

அன்றே அவர்கள் அந்தத் துணியை விலக்கியிருந்தால் அக்கா மேல் பழி விழுந்திருக்காதே என்று நினைத்து நினைத்து எத்தனையோ இரவுகள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

தைப்பூசம் வரும்போதெல்லாம் செம்பைத் துலக்கிக்கொண்டே அக்கா கேட்கிறாள்: "அவங்க பாலும் திரிஞ்சுதுதானே?"

"ஆமாக்கா."

தலையாட்டுகிறாள். அடுத்த வருஷமும் கேட்பாள்.