ஜோதிமணி அழிக்காத எச்சரிக்கை

பேரிகையிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள், அவள் என் அறைத்தோழி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். என்னால் சொல்லாமல் இருக்க முடியாது.

ஜோதிமணியும் நானும் டிப்ளமா முடித்த கையோடு ஒரே பிரஸ் ஷாப்பில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து பிரஸ் இறங்கி வெட்டிக் கொடுக்கும். நான் ஊத்தங்கரைக்காரி, வேலை முடிந்தால் சோறு எங்கே என்று பார்ப்பவள். அவளோ, பிரஸ்ஸை இறக்குவதும் நிறுத்துவதும் அதற்குள் இருக்கும் புரோகிராம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து, "அதுல தப்பு இருந்தா யாருடி பாக்கறது?" என்று என் உயிரை வாங்கினாள். வேலை பார்த்துக்கொண்டே பி.இ. முடித்து, பெங்களூரில் ஆராய்ச்சிக்கும் இடம் வாங்கிவிட்டாள். நான் அதே கம்பெனியில் இன்ஸ்பெக்டர் ஆனேன். என் ஓட்டம் அவ்வளவுதான்.

அவள் ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். புரோகிராம் சரியா என்று பார்க்க நாம் மிஷினை ஓட்டிப் பார்ப்போம்; நமக்குத் தோன்றுகிற வழிகளை மட்டும்தான் ஓட்டுவோம். ஜோதிமணியின் கருவி மிஷினைத் தொடவே தொடாது. புரோகிராமைப் படித்தே, அது போகக்கூடிய எல்லா வழிகளையும் கணக்கில் எடுத்து, எங்காவது ஆபத்து உண்டா என்று சொல்லும். சில சமயம் வீணாகவும் கத்தும். ஆனால் இருக்கிற ஆபத்தை விடவே விடாது. அந்த உறுதிதான் அவள் ஆராய்ச்சியின் உயிர்.

சோதிக்க நிஜமான புரோகிராம் வேண்டுமே! எங்கள் மேனேஜர் சிவராஜ் சார் எங்கள் பிரஸ்ஸுடையதைக் கொடுத்தார். கருவி ஏகத்துக்குக் கத்தியது. ஜோதிமணி அதைத் திருத்தித் திருத்தி வீண் கத்தலைக் குறைத்தாள். கடைசியில் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் போகமாட்டேன் என்று நின்றது.

பிரஸ்ஸை இரண்டு விதமாக ஓட்டலாம். பெடலை மிதித்து ஓட்டினால், முன்னால் இருக்கும் கம்பிக் கதவு சாத்தியிருந்தால்தான் இறங்கும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தி ஓட்டினால் கதவு சாத்த வேண்டியதில்லை. கைதான் வெளியே இருக்கிறதே. கருவி சொன்னது இதுதான்: கதவு திறந்திருக்கும்போது பெடலை மிதித்து, பிறகு சாவியைத் திருப்பிப் பட்டன் முறைக்கு மாற்றினால், பட்டனைத் தொடாமலே பிரஸ் இறங்கும். மிதித்ததைப் புரோகிராம் மறக்காமல் வைத்திருக்கிறதாம்.

"ஏம்மா, மிஷின ஆஃப் பண்ணிட்டுத்தான் சாவி திருப்பணும்னு ரூல் இருக்குது. ஆஃப் பண்ணா எல்லாம் அழிஞ்சிடும். இது வெத்துக் கத்தல். எடுத்துடு, கருவி நல்லா இருக்குன்னு நாளைக்கே சான்று தரேன்" என்றார் சிவராஜ் சார்.

அந்தச் சான்று இல்லாமல் அவளுடைய ஆய்வேடு நகராது. "ஒண்ணே ஒண்ணுதானடி!" என்று நான் அவள் காதைக் கடித்தேன்.

"ஒண்ண நான் கையால அழிச்சாலும், அப்புறம் கருவி ஆபத்து இல்லன்னு சொல்றத எவன் நம்புவான்?" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஷிஃப்ட் மாறும்போது யாரு சார் ஆஃப் பண்றாங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆஃப் செய்தால் நேரம் போகும், உற்பத்தி குறையும். அதனால் ஓடுகிற மிஷினை அப்படியே கைமாற்றுவோம். போகிறவர் கதவைத் திறந்துவைத்து, பெடலை ஓங்கி மிதித்து, பிரஸ் இறங்கவில்லை பார் என்று வருகிறவருக்குக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்காக நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம். காட்டியதும் வருகிறவர் உள்ளே கையை விட்டுத் துடைப்பார். பிறகு கதவைச் சாத்தினால் ஓர் அடி தானாக விழும். கதவுதான் சாத்தியிருக்கிறதே என்று யாரும் சட்டை செய்ததில்லை. ஆனால் அதுவரை எல்லா ஷிஃப்டும் பெடலில் ஓடியது. வருகிற திங்கள் முதல் புதுப் பாகத்துக்காக இரண்டாவது ஷிஃப்ட் பட்டன் முறை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே போகிறவர் சாவியைத் திருப்பிவிடுவார்.

சிவராஜ் சார் எழுந்து ஷாப்புக்கு நடந்தார். பிரஸ்ஸில் அதை ஓட்டுகிற ஆஞ்சப்பன் அண்ணன் நின்றிருந்தார். ஜோதிமணி உள்ளே ஒரு அட்டையை வைத்தாள்.

"அண்ணா, கைமாத்தற மாதிரி செஞ்சு காட்டுங்க. யாரும் உள்ள கைய வுடாதீங்க."

அவர் கதவைத் திறந்து பெடலை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தியாம்மா, வரல" என்று சிரித்தார். சிவராஜ் சார் சாவியைத் திருப்பினார்.

தடால் என்று பிரஸ் இறங்கியது. அட்டை இரண்டு துண்டாகக் கிடந்தது. பட்டன் பக்கம் யாருமே இல்லை.

"திங்கக்கெழம ரெண்டாவது ஷிஃப்ட் நான்தானம்மா" என்றார் ஆஞ்சப்பன் அண்ணன்.

சிவராஜ் சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சான்றுல எங்கம்மா கையெழுத்து போடணும்?"

"கையெழுத்து கெடக்கட்டும் சார். மத்த பிரஸ்ஸுலயும் இதே புரோகிராம்தான். மொதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க."

எங்கள் லைனை நிறுத்துவது லேசில் நடக்கிற காரியமா? மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். ஒவ்வொரு பிரஸ்ஸாகச் சத்தம் அடங்கியது. பெருமையில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆஞ்சப்பன் அண்ணன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தார். அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன.